டாலர் பார்வர்ட், வட்டி ஸ்வாப்: சுங்கை சிப்புட் தம்பி கேட்டதற்குப் பதில்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ரப்பர் விரிப்பு செய்து அமெரிக்காவுக்கு அனுப்பும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பார்ப்பவர். 2024 மார்ச் கடைசியில் அவர்கள் முதலாளிக்கு 200,000 டாலருக்கு ஒரு ஆர்டர் கிடைத்திருக்கிறது, பணம் ஆறு மாதம் கழித்து. அன்றைக்கு டாலர் சுமார் 4 வெள்ளி 72 காசு (வெள்ளி என்றால் மலேசிய ரிங்கிட்). 944,000 வெள்ளி வரும் என்று கணக்குப் போட்டு வைத்துவிட்டார்கள். செப்டம்பர் கடைசியில் பணம் வந்தபோது டாலர் 4.12. கைக்கு வந்தது 824,000. சரக்கில் குறை இல்லை, வாங்கியவரும் ஒரு காசு பிடிக்கவில்லை, இருந்தும் 120,000 வெள்ளியைக் காணோம். அதிலிருந்து முதலாளி "இனி எல்லாத்தையும் ஹெட்ஜ் பண்ணிடு" என்று நிற்கிறாராம், அதாவது ரேட் மாறினாலும் அடி விழாதபடி முன்பே பாதுகாத்துக்கொள்வது. தம்பிக்கு மூன்று சந்தேகம். பேங்க் சொல்லும் பார்வர்ட் ரேட், அதாவது பின்னால் வரும் டாலருக்கு இன்றே பூட்டும் ரேட், ஏன் அன்றைய ரேட்டைவிடக் குறைவாக இருக்கிறது, ஏமாற்றுகிறார்களா? தொழிற்சாலைக் கடனுக்கு வட்டி ஸ்வாப் எடுக்கச் சொல்கிறார்களே, அது என்ன? பெரிய தோட்டக் கம்பெனிகள் இதையெல்லாம் எப்படிச் செய்கின்றன?

நான் இருபது வருடத்துக்கு மேல் கோலாலம்பூரில் ஒரு தோட்டக் கம்பெனியின் ட்ரெஷரியில், அதாவது பணத்தையும் கடனையும் டாலரையும் கவனிக்கும் பிரிவில், இருந்தவன். பிறந்தது அதே சுங்கை சிப்புட் பக்கம், ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சந்தேகத்துக்குப் பதில்: ஏமாற்றவில்லை. ஆறு மாதம் கழித்து டாலர் எங்கே இருக்கும் என்று பேங்க் பார்த்துச் சொல்லும் ஜோசியம் அல்ல பார்வர்ட் ரேட். அது வெறும் வட்டிக் கணக்கு. ஆறு மாதம் கழித்து 200,000 டாலர் தருகிறேன் என்று நீங்கள் இன்று ஒப்பந்தம் போட்டால் பேங்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காது, இருந்தால் டாலர் இறங்கும் ஆபத்து அவர்கள் தலையில் அல்லவா விழும். அதனால் இன்றே டாலர் கடன் வாங்குவார்கள். 2024இல் டாலர் வட்டி ஆண்டுக்கு 5.3% அளவில் இருந்தது, நம் வெள்ளிக்கு 3.5% என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் வட்டியோடு சேர்ந்து சரியாக 200,000 ஆகும்படி 194,837 டாலர் கடன் வாங்கி, அதை 4.72க்கு விற்றால் 919,631 வெள்ளி. அதை 3.5 சதத்தில் ஆறு மாதம் போட்டு வைத்தால் 935,724. அதற்குள் உங்கள் டாலர் வந்து கடனை அடைத்துவிடும், அந்த வெள்ளி உங்களுக்கு. 935,724ஐ 200,000ஆல் வகுத்துப் பாருங்கள், 4.6786 வரும். அவ்வளவுதான் ரகசியம். அமெரிக்க வட்டி நம் வட்டியைவிட அதிகமாக இருக்கும்வரை டாலர் பார்வர்ட் அன்றைய ரேட்டுக்குக் கீழேதான் நிற்கும். உங்கள் தொழிற்சாலை ஏதாவது கெமிக்கலை டாலரில் வாங்குகிறதென்றால் அதே நாலு காசு அங்கே உங்கள் பக்கம் வந்து சேரும், டாலரை மலிவாக வாங்குவீர்கள். அதைப் பற்றி எந்த இறக்குமதிக்காரரும் பேங்கிடம் போய்ச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

ஏமாறுவது என்றால் வேறு இடத்தில்தான். பேங்க் இந்தக் கணக்குக்கு மேல் தன் கூலியாக ஒரு பங்கை ரேட்டிலேயே ஒளித்து எடுத்துக்கொள்ளும். பெரிய கம்பெனிக்கு அது காற்காசுக்கும் கீழே, சின்னத் தொழிற்சாலைக்கு இரண்டு மூன்று காசுகூடப் போகும். கேட்கத் தெரியாதவருக்கு அதிகம். பேங்க் டீலரைக் கூப்பிடும்போது "ஆறு மாத ரேட் என்ன" என்று மட்டும் கேட்காதீர்கள். ஸ்பாட் (அன்றைய ரேட்) எவ்வளவு, ஸ்வாப் பாயின்ட் (அதற்கும் பார்வர்டுக்கும் உள்ள வித்தியாசம்) எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். இரண்டு பேங்கை ஒரே நிமிடத்தில், இரண்டு தொலைபேசியில் கூப்பிடுங்கள். பத்து நிமிடம் விட்டுக் கூப்பிட்டால் மார்க்கெட் நகர்ந்திருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

சரி, இப்போது முதலாளி. அவர் அன்று 4.68க்குப் பார்வர்ட் போட்டிருந்தால் 936,000 வந்திருக்கும், உண்மைதான். ஆனால் டாலர் இறங்காமல் 5 வெள்ளிக்கு ஏறியிருந்தால்? அப்போதும் அதே 936,000தான், "64,000 வெள்ளியைத் தொலைச்சிட்டியே" என்று உங்களைத்தான் பிடித்திருப்பார். ஹெட்ஜ் செய்யும் கம்பெனிகளில் நான் பார்த்த சண்டையில் முக்கால்வாசி இதுதான், பூட்டிய ரேட்டை அன்றைய மார்க்கெட்டோடு ஒப்பிட்டு நல்லது கெட்டது பேசுவது. ஒப்பிட வேண்டியது ஆர்டர் எடுத்த அன்று போட்ட அடக்க விலைக் கணக்கோடு. 4.50இல் உங்களுக்கு லாபம் நிற்குமென்றால், 4.68 கிடைக்கும்போது பூட்டிவிட்டு அதற்கப்புறம் அந்த 200,000 டாலரைப் பொறுத்தவரை ரேட்டைப் பார்ப்பதையே விட்டுவிட வேண்டும். முதலாளி 2024இல் விட்டதைப் பிடிக்க இப்போது ஹெட்ஜ் கேட்கிறார் என்றால் தயவுசெய்து இன்னும் ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். விட்டதைப் பிடிக்கும் மனநிலையில் இருப்பவரிடம்தான் பேங்க் ஆட்கள் மோசமான சரக்கை விற்பார்கள்.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தது 1999இல். 1997 நடுவில் இரண்டரை வெள்ளியாக இருந்த டாலர் 1998 ஜனவரியில் 4.88 வரை போய், செப்டம்பர் 2ஆம் தேதி அரசு 3.80 என்று ஆணி அடித்து நிறுத்திய பிறகு. 2005 ஜூலை 21 வரை அந்த ஆணி அசையவில்லை. டாலர் ரிஸ்க் என்று ஒன்று இருப்பதையே மறந்து, ட்ரெஷரியில் நாங்கள் கோப்பி குடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆணியைப் பிடுங்கிய பிறகு அவசர அவசரமாகப் பார்வர்ட் கற்றுக்கொண்டோம், கற்றுக்கொண்ட வேகத்தில் எல்லாவற்றையும் ஹெட்ஜ் செய்தோம், இப்போது உங்கள் முதலாளி சொல்கிறாரே அதே மாதிரி. 2008 முதல் பாதியில் செம்பனை எண்ணெய் டன் 4,000 வெள்ளிக்கு மேல் போனது. வாங்குகிறேன் என்று கையெழுத்துப் போட்டவர்களை நம்பி, வரப்போகும் டாலரையெல்லாம் 3.20 அளவில் பார்வர்டில் விற்றுவிட்டோம். அக்டோபரில் எண்ணெய் 1,500க்கும் கீழே விழுந்தது. ஆர்டர் கொடுத்தவர்கள் சிலர் தொலைபேசியையே எடுக்கவில்லை. அதாவது டாலர் வரவில்லை, ஆனால் பேங்குக்கு டாலர் கொடுத்தே தீர வேண்டும். அந்த நேரம் பார்த்து டாலர் 3.55. ஒரு அரை மில்லியன் டாலரை 3.55க்கு வாங்கி 3.20க்குக் கொடுத்தோம், 175,000 வெள்ளி. மேலாளர் என்னைத் திட்டவில்லை, அந்த டீல் சிட்டை எடுத்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். வேலையை விடும்வரை அது அங்கேயே இருந்தது.

அதனால் வரும் என்று உறுதியாகத் தெரிந்த டாலரை மட்டும், அதிலும் முழுவதையும் அல்லாமல், பூட்டுங்கள். கப்பல் ஏறிவிட்ட சரக்குக்கு எழுபது எண்பது சதம், ஆர்டர் மட்டும் கையில் இருப்பதற்குப் பாதி, "அடுத்த வருடமும் வாங்குவார்" என்ற நம்பிக்கைக்கு ஒன்றும் வேண்டாம். இது சட்டம் இல்லை, அடி வாங்கியவன் கணக்கு. பணம் எந்தத் தேதி வரும் என்று தெரியாவிட்டால் ஒரு நாளைக் குறிக்காமல், இந்த மாதத்துக்குள் எந்த நாளிலும் கொடுக்கலாம் என்று பார்வர்ட் கேட்கலாம், தருவார்கள், ரேட் கொஞ்சம் உங்களுக்கு எதிராக இருக்கும்.

அப்புறம் ஆப்ஷன். நகைக்கடையில் முன்பதிவு பார்த்திருப்பீர்கள். கல்யாணம் தையில், முன்பணம் கட்டி இன்றைய விலையைப் பதிந்து வைப்பார்கள், தையில் தங்கம் ஏறினால் பதிந்த விலை, இறங்கினால் அன்றைய விலை. டாலர் ஆப்ஷனும் அதுதான், ஒரே வித்தியாசம் முன்பணம் திரும்பாது, விலையிலும் கழியாது. அதற்குப் பிரீமியம் என்று பெயர். 4.70 பக்கம் டாலரை விற்கும் உரிமை ஆறு மாதத்துக்கு வேண்டுமென்றால் டாலருக்கு ஏழெட்டுக் காசு போகும், 200,000 டாலருக்கு 16,000 வெள்ளி வரை. டாலர் 4.12க்கு இறங்கினால் உரிமையைப் பயன்படுத்தி 4.70க்கு விற்கலாம், 5.00க்கு ஏறினால் உரிமையைக் கிழித்துப் போட்டுவிட்டு 5.00க்கு விற்கலாம். ஆர்டர் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத டெண்டர் மாதிரி விஷயத்துக்குத்தான் இது அருமையான சாமான். ஆர்டர் வராவிட்டால் பிரீமியத்தோடு போகும், 2008இல் எங்களுக்கு நடந்ததுபோல டாலரைத் தேடி அலைய வேண்டாம். ஆனால் 16,000 வெள்ளியை முன்னாலேயே எடுத்து வைக்க எந்த முதலாளிக்கும் மனசு வராது. அங்கேதான் அடுத்த ஆபத்து ஆரம்பிக்கிறது.

தம்பி பழைய கோப்பிலிருந்து ஒரு கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார், 2024 மார்ச்சில் ஒரு பேங்க் கொடுத்தது. முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில்: இன்றைய ரேட் 4.72, நாங்கள் தருவது 4.80, பிரீமியம் இல்லை. மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில்: இடையில் எப்போதாவது டாலர் 4.50ஐத் தொட்டால் ஒப்பந்தம் ரத்து, 4.95ஐத் தொட்டால் இரண்டு மடங்கு டாலரை 4.80க்கு விற்க வேண்டும். நல்லவேளை முதலாளி கையெழுத்துப் போடவில்லை. பார்வர்ட் 4.68 என்றால் எவன் 4.80 தருவான்? தருகிறான் என்றால் உங்களிடமிருந்து வேறு எதையோ வாங்குகிறான். இங்கே உங்கள் தொழிற்சாலை பேங்குக்கு ஆப்ஷன் விற்கிறது, அதற்குரிய பிரீமியம்தான் அந்தப் பன்னிரண்டு காசாகவும் பேங்கின் லாபமாகவும் வடிவம் மாறி வருகிறது. 2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் டாலர் 4.50க்குக் கீழே போனது. கையெழுத்துப் போட்டிருந்தால் அன்றோடு ஒப்பந்தம் காணாமல் போயிருக்கும், செப்டம்பரில் அதே 824,000தான். அதாவது நீங்கள் பயந்த விஷயம் நடக்கும்போது குடை தானாக மடங்கிக்கொள்ளும். எதிர்ப்பக்கம் 5.20க்குப் போயிருந்தால் கையில் 200,000 டாலரை வைத்துக்கொண்டு 400,000 டாலர் கொடுக்க வேண்டும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. கொரியாவில் நூற்றுக்கணக்கான சிறு ஏற்றுமதியாளர்கள் இதே மாதிரி ஒப்பந்தத்தில், கிகோ என்று பெயர், 2008இல் சிக்கினார்கள். 2007 கடைசியில் டாலருக்கு 900 சொச்சம் வோன், 2009 மார்ச்சில் 1,500க்கு மேல். ஆர்டர் நிறைய இருந்த நல்ல தொழிற்சாலைகள் படுத்துவிட்டன. நம் திருப்பூர்க்காரர்களும் அதே சமயத்தில் மாட்டினார்கள். ரூபாய் 39 வரை பலமாகிப் பனியன் ஏற்றுமதியில் லாபம் கரைந்த நேரம், பேங்க் ஆட்கள் போய் உட்கார்ந்து, திருப்பூருக்கு வரவே வராத சுவிஸ் பிராங்கின் மேல் ஒப்பந்தம் விற்றார்கள். டாலரில் பில் போடுகிறவனுக்குச் சுவிஸ் பிராங்க் எதற்கு? கேட்டவர் சிலர்தான். வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயின, ஒரு சர்க்கரை ஆலை தொடுத்த வழக்கில் 2008இல் நீதிமன்றம் இது சூதாட்ட ஒப்பந்தம் அல்ல, செல்லும் என்றது. 2011 ஏப்ரலில் ரிசர்வ் பேங்க் விதிகளை மீறியதற்காக 19 பேங்குகளுக்கு அபராதம் போட்டது. போன பணம் போனதுதான்.

பேங்க் கொடுக்கும் எந்தத் திட்டத்தையும் ஒரே கேள்வியால் சோதிக்கலாம்: இதில் நாம் பேங்குக்கு ஏதாவது ஆப்ஷன் விற்கிறோமா? விற்றால் வேண்டாம்.

இப்போது வட்டி. தொழிற்சாலைக்கு 8 மில்லியன் வெள்ளி கடன், வட்டி மூன்று மாதக் கிளிபோர் கூட்டல் 1.25 என்று எழுதியிருக்கிறீர்கள். கிளிபோர் என்பது கோலாலம்பூரில் பேங்குகள் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கும் வட்டி. மத்திய வங்கியான பேங்க் நெகாரா தன் அடிப்படை வட்டியை, ஓபிஆர் என்பார்கள், ஏற்றினால் அதுவும் ஏறும். ஸ்வாப்பில் கடன் அப்படியே இருக்கும், முதலை யாரும் யாருக்கும் கைமாற்றுவதில்லை. தனியாக ஓர் ஒப்பந்தம்: நீங்கள் ஐந்து வருடத்துக்கு 3.60% கொடுக்கிறீர்கள், பேங்க் உங்களுக்கு அந்தந்தக் காலாண்டின் கிளிபோரைக் கொடுக்கிறது. வந்த கிளிபோர் கடனுக்குப் போய்விடும், ஆக உங்கள் வட்டி 4.85 என்று உறைந்துவிடும். கிளிபோர் 3.00 ஆக இருக்கும் காலாண்டில் வித்தியாசம் 0.60%, நீங்கள் 12,000 வெள்ளி கட்டுவீர்கள். 4.20 ஆனால் அவர்கள் உங்களுக்கு 12,000 கட்டுவார்கள்.

2019 நடுவில் ஓபிஆர் 3.00. அப்போது ஸ்வாப் எடுத்தவர்கள் 2020 ஜூலையில் அது 1.75க்கு இறங்கியபோது வயிறெரிந்தார்கள். அந்த 1.75இல் எடுத்தவர்கள் 2022 மேயிலிருந்து ஏறி 2023 மேயில் மறுபடி 3.00 ஆனபோது சிரித்தார்கள். இரண்டு கூட்டமும் ஒரே சாமானைத்தான் வாங்கியது. வட்டி ஒரு சதம் ஏறினால் உங்களுக்கு வருடம் 80,000 வெள்ளி கூடுதல். அது சம்பளப் பணத்தில் கை வைக்குமென்றால் பாதிக் கடனுக்கு ஸ்வாப் எடுங்கள், தாங்குமென்றால் விட்டுவிடுங்கள்.

இரண்டு இடத்தில் கவனம். சின்னக் கம்பெனிக் கடன்கள் பலவற்றில் வட்டி கிளிபோரில் இருப்பதில்லை, பேங்கே நிர்ணயிக்கும் அடிப்படைக் கடன் வட்டியான பேஸ் லெண்டிங் ரேட்டிலோ அவர்கள் சொந்த நிதிச் செலவிலோ இருக்கும். கடன் ஒரு ரேட்டில், ஸ்வாப் வேறு ரேட்டில் என்றால் இரண்டும் ஒரே அளவு நகராது. உங்கள் கடன் பத்திரத்தை எடுத்து வட்டி என்ற பத்தியை ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படியுங்கள், முதலாளி சொன்னதை நம்பாதீர்கள். இன்னொன்று, நிலத்தை விற்றுக் கடனை முன்கூட்டியே அடைத்துவிட்டால் ஸ்வாப் கூடவே போகாது. அது தனி ஒப்பந்தம், வட்டி இறங்கியிருந்தால் அதை முறிக்கப் பணம் கட்ட வேண்டும்.

பெரிய தோட்டக் கம்பெனிகள் பற்றி. வெளியில் தெரிவது பர்சா மலேசியா சந்தையில் அவர்கள் விற்கும் செம்பனை எண்ணெய் பியூச்சர்ஸ், பின்னால் கொடுக்கும் எண்ணெய்க்கு இன்றே விலை பூட்டும் ஒப்பந்தம், ஒரு லாட் 25 டன், விலை வெள்ளியில். ஆனால் அவர்களின் முதல் ஹெட்ஜ் எந்த ஒப்பந்தத்திலும் இருக்காது. எண்ணெயை உள்ளூர் ஆலைக்கு வெள்ளியில் விற்றாலும் அதன் விலை உலக டாலர் விலையைப் பார்த்தே நகர்கிறது, ஆக வருமானம் டாலர் மாதிரிதான். அதனால் கடனில் ஒரு பங்கை டாலரிலேயே வாங்குவார்கள். டாலர் இறங்கினால் வருமானம் குறையும், கடனும் சேர்ந்து குறையும். பேங்குக்குக் கூலி இல்லை, டீல் சிட்டு இல்லை. உங்கள் தொழிற்சாலையும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்: கெமிக்கலுக்கும் கப்பல் கூலிக்கும் டாலரில் 60,000 போகிறதென்றால், டாலர் கணக்கு ஒன்றைத் திறந்து வந்த டாலரிலிருந்தே கட்டுங்கள். மிச்சம் 140,000தான் உங்கள் ரிஸ்க். அதில் பாதிக்கோ முக்காலுக்கோ பார்வர்ட்.

இன்னொரு ஹெட்ஜையும் சொல்லிவிடுகிறேன், கம்பெனி அறிக்கைகளில் இந்தப் பெயரில் வராது. என் அப்பா பால்மரம் வெட்டினவர். அவர் கூலி ரப்பர் விலையோடு கட்டப்பட்டிருந்தது, சங்கமும் முதலாளிமார் அமைப்பும் போட்ட ஒப்பந்தத்திலேயே, விலை ஏறினால் கூலி ஏறும், இறங்கினால் இறங்கும். விலை விழுந்த மாதம் கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) சம்பளம் போடும்போது அம்மா கடைக்காரரிடம் அரிசிக் கணக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளச் சொல்லி நிற்பார். ட்ரெஷரியில் வேலைக்குப் போய் மூன்று வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, கம்பெனி தன் விலை ரிஸ்க்கில் ஒரு துண்டை எங்கள் லயத்துக்குத் தள்ளிவிட்டிருந்தது, பிரீமியம் ஒன்றும் கொடுக்காமல்.

கடைசியாக நடைமுறை. உள்நாட்டில் உரிமம் பெற்ற பேங்கில்தான் செய்ய வேண்டும், ஆர்டர் நகலோ இன்வாய்ஸோ கேட்பார்கள். வெளிநாட்டில் வெள்ளியை வைத்து யாராவது ரேட் கொடுத்தால் பக்கத்திலேயே போகாதீர்கள், பேங்க் நெகாரா அனுமதிக்காது. பார்வர்டுக்கு முன்பணம் இல்லை என்றாலும் அது உங்கள் கடன் வரம்பில் ஒரு பங்கைத் தின்னும், அதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முதலாளி இஸ்லாமிய பேங்கில் கணக்கு வைத்திருந்தால் அங்கேயும் உண்டு, வாக்குறுதி அடிப்படையில், வஅத் என்பார்கள், ரேட் கிட்டத்தட்ட அதேதான். கணக்குப் பதிவில் வருடக் கடைசியில் முடியாத பார்வர்டின் லாப நட்டம் ஏட்டில் ஏறும், அதை ஆடிட்டரிடம் டிசம்பரில் அல்ல, முதல் டீல் போடுவதற்கு முன்னால் பேசுங்கள்.

யூரோவில் வாங்கப்போகும் இயந்திரத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதற்கு எந்தத் தேதியில் எவ்வளவு கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா? இருந்தால் அந்தப் பக்கத்தை அனுப்புங்கள், அதையும் பார்க்கலாம்.